புதுப்பிப்பு: ‘மென்ஸ்ஃபோர்த் ஹில்’ பாட்டைப் பின்னோக்கி ஓடவிட்டுக் கேட்டேன்

தி கிளாஷ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘சாண்டினிஸ்டா!’ ஆல்பத்தில் (1980) வரும் இந்தப் பாட்டைத் தாண்டிப் போகலாமா, இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஆல்பம் மூன்று இசைத்தட்டு, ஆறு பக்கம். இந்தப் பாட்டு இருக்கும் ஐந்தாம் பக்கத்தை வரிசையாகக் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன், மனம் மாறவில்லை. பாட்டைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கவும் சொன்னார்கள். இசைத்தட்டைக் கையால் பின்னோக்கிச் சுற்றும் யோசனையை விட்டுவிட்டேன், ஊசி கெட்டுவிடும் என்று பயம். பலித்தது, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஓட்டிப் பார்க்கும் யோசனைதான். பாட்டின் கோப்பை அதில் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் ரிவர்ஸ் கொடுத்தால் போதும். சில நொடிகளில் மெட்டு பிடிபட்டது: முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டான ‘சம்திங் அபவுட் இங்கிலாந்து’! அதையே தலைகீழாக ஓட்டி, மேலே வேறு ஒலிகளைச் சேர்த்திருக்கிறார்கள்.

எதிர்பாராதது என்னவென்றால், திருப்பினாலும் அது மூலப் பாட்டாகவே ஆகிவிடவில்லை. பிறகு சேர்த்த ஒலிகள் இப்போது தலைகீழாகி, பழைய மெட்டின் மேல் உறிஞ்சி இழுப்பதுபோல் வந்து போகின்றன. மூலப் பாட்டில் ஒரு கிழவர் போர்களையும் பஞ்சகாலத்தையும் நினைவுகூர்கிறார். அந்தக் காலமே பின்னோக்கி ஓடுகிற மாதிரி இருந்தது, உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்புறம், ஆல்பத்தின் 36 பாட்டுகளில் இதை வெட்டியிருக்கலாம் என்பவர்களோடு இன்னமும் பாதி உடன்படுகிறேன். தனியாகக் கேட்டால் நிற்காது. ‘சம்திங் அபவுட் இங்கிலாந்து’ முடிந்த கையோடு கேளுங்கள். நான் இப்போது அப்படித்தான் கேட்கிறேன், தாண்டுவதில்லை.