புதுப்பிப்பு: மகனுக்குக் கருவிழி கிராஸ்லிங்கிங் முடிந்து ஆறு மாதம்

போன வருஷம் சேலத்திலிருந்து கேட்டிருந்தேன்: 17 வயசு மகனுக்குக் கெரட்டோகோனஸ், கருவிழி மெலிந்து கூம்பாகிறது, அதைக் கெட்டிப்படுத்தும் கிராஸ்லிங்கிங் சிகிச்சை செய்யலாமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வலது கண்ணுக்குச் செய்துவிட்டோம். "முதல்ல அலர்ஜியை அடக்குங்க, கண்ணைக் கசக்க விடாதீங்க" என்ற அக்காவின் யோசனைதான் பெரிதும் உதவியது; கசக்கினால் இந்த நோய் கூடும். ஏற்காட்டில் பாட்டி வீட்டுக்குப் போனாலே கசக்கிக்கொண்டே இருப்பான். அலர்ஜிக்குச் சொட்டு மருந்து ஆரம்பித்ததும் அது நின்றது. இந்தச் சிகிச்சையைப் பாதுகாப்பாகச் செய்யக் கருவிழியின் தடிமன் 400 மைக்ரானுக்கு (0.4 மி.மீ.) மேல் இருக்கிறதா என்று கேட்கச் சொன்ன அண்ணாவுக்கும் நன்றி. 452 இருந்தது.

கருவிழியின் மேல்படலத்தை நீக்கி, அரை மணி நேரம் ரைபோஃபிளேவின் (வைட்டமின் B2) சொட்டு, பிறகு அரை மணி நேரம் புற ஊதா ஒளி. மரத்துப்போக மருந்து விட்டதால் அப்போது வலியில்லை. வலியெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். முதல் இரண்டு ராத்திரி பிள்ளை தூங்கவே இல்லை, நானும்தான். புண் ஆறும்வரை கண்ணில் வைத்திருந்த பேண்டேஜ் லென்ஸை ஐந்தாம் நாள் எடுத்தார்கள்.

எதிர்பாராதது ஒன்று: ஒரு மாதம் பார்வை முன்பைவிட மங்கல். ரொம்பப் பயந்தோம். மெல்ல மெல்லத் தெளிந்தது. ஆறாம் மாதம் எடுத்த டோபோகிராஃபியில் (கருவிழியின் வளைவை அளக்கும் ஸ்கேன்) வளைவு கூடவில்லை. கண்ணாடி அப்படியேதான் இருக்கிறது. நோய் முற்றாமல் நிறுத்தத்தான் இந்தச் சிகிச்சை. இடது கண்ணுக்கு அடுத்த ஸ்கேன் தை மாதம்.