பொருள்: மறு: 'பாஸ்த்ரூ'வுக்குக் 'கடத்தல்' வேண்டாம்

குழுவினருக்கு வணக்கம்.

திசைவியின் (ரவுட்டர்) அமைப்புப் பக்கத்தைத் தமிழாக்கும் பட்டியலில் 'விபிஎன் பாஸ்த்ரூ' என்ற பொத்தானுக்கு 'விபிஎன் கடத்தல்' என்று இட்டிருக்கிறது. விபிஎன் என்பது வீட்டுக் கணினியை இணையம் வழியே அலுவலக வலையமைப்போடு மறைவாக இணைக்கும் வழி. மின்கடத்தல், வெப்பக்கடத்தல் என்ற பாடநூல் வழக்கை எண்ணி இட்டிருப்பார்கள். ஆனால் நீலகிரியில் 'கடத்தல்' என்றால் சந்தனக்கட்டையும் சோதனைச்சாவடியும்தான் நினைவுக்கு வரும். ஐபிசெக் என்பது ஒரு விபிஎன் வகை; "ஐபிசெக் கடத்தல்: அனுமதி" என்று திரையில் வந்தால் என் அம்மா திசைவியையே பிடுங்கி வைத்துவிடுவார்.

அந்தப் பொத்தான் என்ன வேலை செய்கிறது என்பதை நான் ஒரு வீட்டுச் சண்டையில் கற்றேன். கோத்தகிரி வீட்டிலிருந்து நானும் தங்கையும் ஒரே நிறுவனத்துக்கு வேலை செய்கிறோம். ஒன்பதரைக்கு நான் விபிஎன் வழியே அலுவலகத்தோடு இணைவேன். பத்து மணிக்கு அவள் இணைவாள். என் திரை அப்படியே நின்றுபோகும். நான் மறுபடி இணைந்தால் அவளுடையது நிற்கும். மழைமீதும் மின்வெட்டின்மீதும் பழிபோட்டு இரண்டு வாரம் ஓட்டினோம்.

எஸ்டேட் லைன் வீடுகளுக்கு வரும் தபாலை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கடிதங்களும் எஸ்டேட் அலுவலக முகவரிக்கே வரும். வீட்டு எண்ணைப் பார்த்து உள்ளே பிரித்துக் கொடுப்பார்கள். திசைவியும் அப்படித்தான். உள்ளே 192.168.1.5, 192.168.1.6 என்று எத்தனை கணினி இருந்தாலும் வெளியே ஒரே முகவரி. தகவல் சிறு சிறு பொதிகளாக வரும்; பிரித்துக் கொடுக்கத் திசைவி நம்பியிருப்பது, வீட்டு எண்போல ஒவ்வொரு பொதியிலும் இருக்கும் போர்ட் எண்ணை. ஐபிசெக் தகவலை மறையாக்கி அனுப்பும் ஈஎஸ்பி பொதியில் அந்த எண்ணே கிடையாது. அது போர்ட் எண் உள்ள வழக்கமான நெறிமுறைகளான டிசிபியும் அல்ல, யுடிபியும் அல்ல. 50 என்ற நெறிமுறை எண் கொண்ட தனி இனம். பிபிடிபி என்ற பழைய விபிஎன் வகை பயன்படுத்தும் ஜிஆர்ஈ நெறிமுறைக்கு எண் 47, அதிலும் போர்ட் இல்லை. வீட்டு எண் இல்லாத கடிதத்தைப் பல திசைவிகள் கடைசியாக எழுதிப்போட்டவரிடமே கொடுத்துவிடுகின்றன. எங்கள் வீட்டில் பத்து மணிக்கு நடந்தது இதுதான்.

பாஸ்த்ரூ என்பது தனக்குப் பிடிபடாத பொதியைத் திசைவி மறிக்காமல் விடுவது. ஒரு கணினி இருக்கும்வரை சிக்கல் தெரியாது. ஆகவே என் பரிந்துரை 'வழிவிடல்'. மலைப்பாதையில் ஏறி வரும் லாரிக்கு ஒதுங்கி வழிவிடுகிறோம், தார்ப்பாயைத் தூக்கிச் சரக்கைப் பார்ப்பதில்லை. 'ஊடுசெல்லல்' என்று முன்மொழிந்த குன்னூர் நண்பர் பொறுத்தருள வேண்டும்: செல்வது பொதி, விடுவது திசைவி. பொத்தான் இருப்பது திசைவியில்.

'நாட் டிராவர்சல்' வேறு சங்கதி. உள்ளே பல கணினிக்கு வெளியே ஒரே முகவரி என்று மேலே சொன்ன ஏற்பாடுதான் 'நாட்'; அதைத் தாண்டிச் செல்லும் முறை இது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது. 2005இல் வரையறை பெற்ற அந்த முறையில் ஈஎஸ்பி பொதியை முழுதாக யுடிபி உறைக்குள் வைத்து 4500 என்ற போர்ட்டுக்கு அனுப்புகிறார்கள். உறையின்மேல் எண் இருப்பதால் திசைவி ஒவ்வொரு கணினிக்கும் வேறு வேறு எண் கொடுத்துப் பிரித்துவிடும். அலுவலகத்தில் இதை இயக்கிய அன்றே எங்கள் சண்டை நின்றது. பட்டியலில் இதற்கு உள்ள 'வலையமைப்பு முகவரிப் பெயர்ப்பு ஊடுகடப்பு' என்பதைப் படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. 'மேலுறை' போதாதா? பொதுவான 'உறையிடல்' என்ற சொல்லோடு அது மோதும் என்று யாராவது கருதினால் எழுதுங்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது.

போகிறபோக்கில் இன்னொன்று. போர்ட்டுக்குத் 'துறை' வேண்டாம். இந்தப் போர்ட் துறைமுகத்திலிருந்து வந்ததல்ல. வாயிலைக் குறிக்கும் லத்தீன் 'போர்ட்டா'விலிருந்து வந்தது. நம் முகவரிகளில் ஏற்கெனவே இருக்கும் 'கதவெண்' அப்படியே பொருந்தும். வீட்டுவரி ரசீதோடு குழப்பிக்கொள்வார்கள் என்கிறாள் தங்கை. குழப்பிக்கொண்டாலும் பொருள் சரியாகத்தான் வரும் என்பது என் கட்சி.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து