31 நாளுக்குள் தகப்பன் எங்கே படுக்க வேண்டும்?

கொக்குவில் தகப்பன்:
எங்களுக்கு முதற்பிள்ளை பிறந்து இன்று 19 நாட்கள். துடக்கு (பிள்ளைப்பேற்றுத் தீட்டு) கழியும் 31ஆம் நாள் வரை தாயும் பிள்ளையும் மாமியோடு உள்ளறையில் இருப்பதும், நான் விறாந்தையில் படுப்பதும் மனைவி வீட்டாரின் ஒழுங்கு. எட்டாம் நாள் இரவு இரண்டரை மணிக்குப் பிள்ளையின் அழுகை ஓயாததால் கதவைத் தள்ளிப் பார்த்தேன். பகல் முழுவதும் நின்று களைத்த மாமி சுவரோடு சாய்ந்தபடியே நித்திரையாகியிருந்தார். பால் கட்டி மார்பு கல்லாகிக் கிடக்க, பிள்ளையை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் மனைவி சத்தமின்றி அழுதுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், “விடிய வேலைக்குப் போகவேணும், நீங்கள் படுங்கோ” என்றாள். அன்றிலிருந்து நான் உள்ளே போகிறேன். வீட்டில் அதற்கு எதிர்ப்பு. பால் கொடுப்பதைத் தவிர, ஏவறை (ஏப்பம்) எடுப்பது, துணி மாற்றுவது, தோளில் போட்டு உலாத்துவது எல்லாம் தகப்பனாலும் முடியும். அரச சேவையில் தகப்பனுக்கு உள்ள விடுமுறையோ 3 நாட்கள்தான். பகலில் வேலைக்காக மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போய்வருபவனுக்கு இரவையும் மறுத்தால், பிள்ளையை அவன் எப்போது அறிந்துகொள்வது? இந்த வழக்கம் கைவிடப்பட வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

வடமராட்சி அம்மம்மா:
தம்பி, நான் இரண்டு மகள்மாரின் நான்கு பேறுகளைப் பார்த்தவள். துடக்கு என்றால் தீட்டு என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். அடுப்படிக்குப் போகாதே, கிணற்றடியில் தண்ணீர் அள்ளாதே என்று ஒரு பெண்ணை 31 நாட்கள் இருத்தி வைத்து, மல்லி, மிளகு, வேர்க்கொம்பு, மஞ்சள், உள்ளி அரைத்த சரக்குக்கறியும், பாலுக்கென்று பால்சுறாவும் முருங்கையிலையும் சமைத்துக் கொடுக்க வேறெந்த ஏற்பாடு நம்மிடம் இருக்கிறது? துடக்கு வீட்டில் அயலவர் கை நனைப்பதில்லை; அதனாலேயே வருகிறவர்கள் எல்லாரும் பச்சைப்பிள்ளையைத் தூக்கி முத்தமிடும் நிலை இல்லாமற் போகிறது. தையற்காயத்தின் நோவையும் மார்பின் வலியையும் ஒரு மகள் தாயிடம் சொல்வதுபோல் கணவனிடம் சொல்வாளா? இன்னொன்றையும் யோசியுங்கள். இரவிரவாக விழித்துவிட்டு, விடிய மோட்டார் சைக்கிளில் ஏ9 வீதியால் 60 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறவனுக்கு ஏதும் நேர்ந்தால், அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

சாவகச்சேரித் தாய்:
உங்கள் இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை. என் தாயார் முன்னரே காலமானதால், ஏழு மாதத்துக்கு முன் எங்கள் பிள்ளை பிறந்தபோது நானும் கணவருமே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டோம். புதிதாய்ப் பிறந்த பிள்ளை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும் என்று படித்திருந்தோம். அப்படியானால் தொடர்ந்து மூன்று மணிநேரம்கூடக் கண்மூட முடியாது என்பது வீட்டுக்கு வந்த பிறகே விளங்கியது. ஓர் இரவு, பிள்ளையை நெஞ்சில் போட்டபடியே என் கணவர் சாய்கதிரையில் உறங்கிப்போனார். பிள்ளை மூச்சுத்திணறிப் போகக்கூடிய ஆபத்து அது. ஆகவே வடமராட்சி அம்மா நித்திரையைப் பற்றிச் சொல்வது சரி. ஆனால் வீடு நிறைய ஆட்கள் இருந்தால் தாய் அழமாட்டாள் என்று நினைப்பது பிழை. பேற்றுக்குப் பின் முதல் இரண்டு வாரங்களில் காரணமின்றிக் கண் கலங்குவது பெரும்பாலான தாய்மாருக்கு வந்து தானாகவே போகும். அதற்கு மேலும் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். எனக்கு அது நீடித்தது. குடும்பநல உத்தியோகத்தர் பேற்றுக்குப் பின்னான மனச்சோர்வை அறியும் எடின்பரோ அளவுகோலின் 10 கேள்விகளைக் கேட்டபோதுதான் வாய்திறந்தேன். தம்பி, எட்டாம் நாளைப் பற்றி எழுதினீர்கள். இன்று 19ஆம் நாள். அவர் இன்னும் அழுகிறாரா?

கொக்குவில் தகப்பன்:
அக்கா, உங்கள் கேள்வியை மனைவியிடமே கேட்டேன். மாலையானால் பயம் வருகிறது என்றும், தாய்வீட்டில் எல்லாம் இருக்க என்ன அழுகை என்று கேட்பார்கள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னாள். நாளை காலை குடும்பநல உத்தியோகத்தரிடம் அழைத்துப் போகிறேன். துடக்குக் கழியும் வரை பொறுக்கப்போவதில்லை. அம்மா, வீதியைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்று, இனிப் பேருந்திலேயே போவேன். இரவு ஒரு மணிவரை நான் விழித்திருக்க, அதன்பின் மாமி எழும்புவதாக ஒழுங்கு செய்திருக்கிறோம். மனைவிக்குக் குடிக்கத் தண்ணீரை மட்டும் இன்னும் அளந்தே கொடுக்கிறார்கள். அதில் மாமியோடு இன்னும் வாக்குவாதம்.

வடமராட்சி அம்மம்மா:
தம்பி, தண்ணீர் அளப்பது பிழை. பால் கொடுக்கிறவள் தாகத்துக்குக் குடிக்கவேண்டும் என்று நான் சொன்னதாக உங்கள் மாமியிடம் சொல்லுங்கள். முதல் மாதம் பிள்ளை பெற்றவளோடு அவளின் தாய் இருக்கவேண்டும் என்பதை நான் விடமாட்டேன். ஆனால் ஒரு மணிவரை நீங்கள் விழித்திருப்பதில் எனக்கு மறுப்பில்லை. நாளை கிளினிக்கில் பிள்ளையின் நிறையையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறந்த நிறையை இப்போது தாண்டியிருக்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை துணி நனைகிறது என்பதையும் எண்ணிக்கொண்டு போங்கள். ஆறுக்குக் குறைந்தால் பால் போதாமலிருக்கலாம்.