மேல்முறையீடு முடியும்வரை உத்தரவை நிறுத்தி வைப்பதை எப்படி எதிர்ப்பது?

எல்லோருக்கும் வணக்கம், அவசரமாக ஒரு உதவி வேண்டும். நாங்கள் கிணற்றுத் தண்ணீரை நம்பி இருப்பவர்கள், பக்கத்து ஆலையின் கழிவுநீர் நிலத்தடிக்குள் இறங்குகிறது என்று ஒழுங்குமுறை அமைப்பு கண்டுபிடித்து மூடச் சொல்லி உத்தரவு போட்டது, இப்போது ஆலை மேல்முறையீடு செய்துவிட்டு முடிவு வரும்வரை உத்தரவை நிறுத்தி வைக்கச் சொல்கிறது.

நான் படித்தவரை, பல நாடுகளில் மேல்முறையீடு செய்வதாலேயே உத்தரவு நின்றுவிடாது, இடைக்காலத் தடை, அதாவது முடிவு வரும்வரை உத்தரவை நிறுத்தி வைக்கும் ஆணை, தனியாகக் கேட்க வேண்டும். ஜெர்மனியில் பொதுவாக இது தலைகீழ், அப்பீல் போட்டாலே உத்தரவு நிற்கும், ஆனால் உடனே அமல்படுத்த அதிகாரிகள் ஆணையிடலாம்.

தடை கேட்பவர்கள் ஈடுசெய்ய முடியாத நஷ்டம் என்பார்கள். சரி, ஆலைக்கு நஷ்டம் பணம்தான், கெட்டுப்போன நிலத்தடி நீரை யார் திருப்பித் தருவது? 1992-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில் நாடுகள் ஏற்ற ரியோ பிரகடனத்தின் 15-வது கோட்பாடு, மீட்க முடியாத சேதம் வரும் அபாயம் இருந்தால் அறிவியல் உறுதி போதவில்லை என்று நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது. இதை விசாரணையில் எடுத்து வைக்கலாமா?

பாதிக்கப்பட்டவர்களாக எங்களையும் வழக்கில் சேர்க்கச் சொல்லி மனு போட்ட அனுபவம் யாருக்காவது உண்டா? நாங்களே எடுத்த தண்ணீர் மாதிரியை ஏற்பார்களா, இல்லை அங்கீகாரம் பெற்ற ஆய்வகம்தான் எடுக்க வேண்டுமா? அப்புறம், தடை கொடுத்தே தீருவார்கள் என்றால், கழிவுநீரை வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையையாவது எப்படிக் கேட்பது? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள், விசாரணைக்கு அதிக நாள் இல்லை.