அக்காவுக்கு எஃப்.எம்.டி. (தமனி சுருங்கும் நோய்) — அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். அக்காவுக்கு 41 வயது. மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவே இல்லை. கடைசியில் சிடி ஆஞ்சியோகிராம் எடுத்தபோதுதான் வலது சிறுநீரகத் தமனி பாசிமணி கோத்த மாதிரி தெரிந்தது. ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியாவாம், சுருக்கமாக எஃப்.எம்.டி. கொழுப்பு அடைப்பு இல்லை. தமனிச் சுவரே தாறுமாறாக வளர்ந்து ஆங்காங்கே சுருங்கிவிடுகிறது. பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. முதலில் டகயாசு நோயோ (பெரிய தமனிகளில் வரும் அழற்சி) என்றும் சந்தேகப்பட்டார்கள்.

ஸ்டென்ட் வைக்காமல் பலூன் ஆஞ்சியோபிளாஸ்டி (சுருங்கிய இடத்தைப் பலூனால் விரிப்பது) மட்டும் செய்யலாம் என்கிறார்கள். யாராவது செய்துகொண்டீர்களா? மாத்திரை குறைந்ததா? மறுபடி சுருங்கியதா?

அப்புறம், காதுக்குள் நாடித்துடிப்பு கேட்கிறது என்று அக்கா ரெண்டு வருடமாகச் சொன்னாள். நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நினைத்தால் மனசு ஆறவில்லை. கழுத்துத் தமனியிலும் இந்த நோய் வருமாம், காதில் துடிப்பு கேட்பது அதனாலும் இருக்கலாமாம். தலை முதல் இடுப்பு வரை ஒரே தடவையில் ஸ்கேன் எடுத்தவர்கள் இருந்தால், எப்படிக் கேட்டு எடுத்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.