அடி வாங்கியவரிடம் "சந்தோஷப்படு" என்று சொல்லலாமா?

மெர்சி_நெல்லை:
போன மாதம் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குள் பத்துப் பேர் நுழைந்து சத்தம் போட்டார்கள். கீபோர்டை வாசலில் போட்டு மிதித்தார்கள். தள்ளுமுள்ளில் அம்மாவின் கண்ணாடி உடைந்தது. அடுத்த ஞாயிறு பாஸ்டர் மத்தேயு 5:12-ஐ எடுத்து, "சந்தோஷப்பட்டு, களிகூருங்கள்" என்று பிரசங்கித்தார். சபையே அல்லேலூயா சொன்னது. எனக்கு வாய் திறக்கவில்லை. இப்போதும் கேட் திறக்கிற சத்தம் கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது. இது என் விசுவாசக் குறைவா?

கிருபை_போதும்:
சிஸ்டர், பாஸ்டர் சொன்னது அவருடைய சொந்தக் கருத்து இல்லை, வசனம். எருசலேமில் யூதர்களின் ஆலோசனைச் சங்கம் அப்போஸ்தலரை அடித்து அனுப்பியபோது, இயேசுவின் பெயருக்காக அவமானப்படத் தேவன் நம்மைப் பாத்திரராக எண்ணினாரே என்று சந்தோஷமாய்ப் போனார்கள் (அப். 5:41). பிலிப்பிச் சிறையில் கால் தொழுமரத்தில் மாட்டியிருக்க, பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடினார்கள் (அப். 16). மனசு சரியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். பாடத் தொடங்குங்கள், மற்றது தானாக வரும்.

சந்தேகத்_தோமா:
பிரதர், பாட்டோடு நிறுத்திவிட்டீர்களே, அதே அதிகாரத்தில் விடிந்த பிறகு என்ன நடந்தது? "அவர்களை விட்டுவிடு" என்று அதிகாரிகள் ஆள் அனுப்புகிறார்கள். பவுல் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுக் கிளம்பவில்லை. ரோமக் குடிமக்களை விசாரிக்காமல் எல்லார் முன்னும் அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்பப் பார்க்கிறீர்களா, அவர்களே வந்து கூட்டிப்போகட்டும் என்கிறார். அவர்கள் வந்து கெஞ்சிய பிறகுதான் வெளியே போனார். பாடியதும் அவர்தான், நியாயம் கேட்டதும் அவர்தான். பிரசங்கத்தில் பாதிக் கதைதான் வருகிறது.

நாஞ்சில்_ஜோ:
நான் கத்தோலிக்கன், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்தபோது கிறிஸ்தவரான எங்கள் பக்கத்துத் தேவசகாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் பிடித்த டச்சுப் படை அதிகாரி டிலனாய்தான் அவருக்கு வேதம் சொன்னவர். முதலில் சொன்னது யோபு கதை என்பார்கள், அதாவது பிறந்த நாளையே சபித்த மனிதனின் கதை. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1749-ல் கைது. எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோய், அடித்த காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டார்கள். புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான்பாறை இருக்கிறது. தாகம் தாங்காமல் ஜெபித்து முழங்கையால் பாறையை இடித்தார், தண்ணீர் வந்தது என்பது மரபு. பாட்டி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூட அவர் சிரித்துக்கொண்டே இடித்தார் என்று சொன்னதில்லை. தாகம் என்றுதான் சொல்வாள்.

சந்தேகத்_தோமா:
அவர் தண்டிக்கப்பட்டது மதத்துக்காக இல்லை, ராஜதுரோகக் குற்றச்சாட்டில் என்று வாதிடும் வரலாற்றாய்வாளர்களும் உண்டு, ஜோ.

நாஞ்சில்_ஜோ:
உண்டு. விசுவாசத்தின் மேலிருந்த வெறுப்பால் கொன்றார்கள் என்பது திருச்சபையின் முடிவு, 2022-ல் புனிதர் பட்டமும் கொடுத்தாயிற்று. அந்தச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள். எனக்கு நெருடுவது வேறு: அவர் மனைவி ஞானப்பூ அம்மாள். அந்த அம்மா அந்த வருஷங்களை எப்படிக் கடந்தார் என்று ஒரு மறையுரையிலும் நான் கேட்டதில்லை.

கிருபை_போதும்:
எல்லாம் சரி, அதற்காக, பாடுகளில் சந்தோஷப்படச் சொல்லும் பேதுருவின் நிருபத்தைக் கிழித்துப் போடவா? "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல் அப்போது விலங்கில்தானே இருந்தார்?

சந்தேகத்_தோமா:
அதைத்தான் நானும் சொல்கிறேன். விலங்கில் கிடந்தவர் எழுதினார், அவருக்கு அந்த உரிமை உண்டு. ஏசி ஹாலில் மைக் பிடித்து மற்றவர் அடிக்குக் களிகூரச் சொல்வது வேறு.

மெர்சி_நெல்லை:
தோமா அண்ணா, எங்கள் சபை ஓட்டுக் கூரை. பாஸ்டருக்கு முன்பல் ஒன்று கிடையாது, கிராம ஊழியத்தில் போனது. அதனால்தான் என்னால் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை.

சந்தேகத்_தோமா:
ஐயோ, தெரியாமல் பேசிவிட்டேன். அவரைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் கெத்செமனேயில் "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்ற இயேசுவிடம் சீஷர்கள் யாரும் களிகூரச் சொல்லவில்லை.

கிருபை_போதும்:
அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் பிரதர். அதை நல்ல உதாரணமாகக் காட்டாதீர்கள் 😄

மெர்சி_நெல்லை:
நேற்று பாஸ்டரிடமே கேட்டுவிட்டேன். "பல் போன ராத்திரி உங்களுக்குச் சந்தோஷமாக இருந்ததா ஐயா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இல்லம்மா. ஒரு வருஷம் அந்த ஊர் பஸ் நின்றாலே எனக்குக் கை நடுங்கும். பாட்டெல்லாம் பிறகுதான் வந்தது" என்றார். இதை ஏன் பிரசங்கத்தில் சொல்லவில்லை என்றேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போகிறோம், அவரும் வருகிறார். புகாரைப் பதிந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.