எட்டில் ஒரு பங்கு ஹரிக்கேன்: இறங்கத் திரும்பும்போது இடது இறக்கை விழுகிறது, உதவுங்கள்

சாம்பல்தீவான் (வியாழன், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். 14 மாதங்கள் இரவிரவாக இருந்து கட்டிய ஹோக்கர் ஹரிக்கேன் போர்விமானத்தின் ரிமோட் மாதிரி மூன்றாவது பறப்பில் விழுந்துவிட்டது. மனம் ஆறவில்லை. காரணம் தெரியாமல் திருத்தி மறுபடியும் வானத்துக்கு அனுப்ப எனக்குத் துணிவில்லை, அதனால் கேட்கிறேன்.

ஏன் ஹரிக்கேன் என்று பலர் கேட்டார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய காலை, சீனக்குடா விமானத்தளத்திலிருந்து எதிர்த்து எழும்பியவை பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன்கள். அப்போது அம்மம்மாவுக்குப் பத்து வயது. எண்ணெய்த் தாங்கிப் பக்கம் எழுந்த கரும்புகையையும் தலைக்கு மேலே போன இரைச்சலையும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த விமானத்தை என் கையால் கட்ட வேண்டும் என்பது சிறுவயது ஆசை.

விபரம் இதுதான். உண்மை விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 40 அடி, என்னுடையது 5 அடி (1,524 மி.மீ). பால்சா என்ற மெல்லிய மரமும் ஒட்டுப்பலகையும், மேலே சுருங்கு படலம், அதன்மேல் தூரிகையால் பூசிய வர்ணம். பற்றரியோடு நிறை 3.1 கிலோ. நான்கு செல் 4,000 மில்லியம்பியர்-மணி பற்றரி, மோட்டார் ஏறத்தாழ 650 வாட். பறப்பது கந்தளாய்ப் பக்கத்துச் சிறு குளம் ஒன்றின் அலைகரையில். ஆனி மாதத்தில் அந்தத் தரை சிமெந்துபோல் காய்ந்திருக்கும். காலை ஏழு மணிக்கு முன் காற்றும் இல்லை.

நேராகப் பறக்கும்போது குறையில்லை. வேகத்தைக் குறைத்து இறங்குவதற்காகத் திரும்பினால் இடது இறக்கை சட்டென்று கீழே போகிறது. முதல் இரண்டு முறை உயரம் இருந்ததால் மீட்டேன். மூன்றாம் முறை நான்கு மீற்றர்தான் இருந்தது. சில்லுக் கால்கள் இரண்டும் பிய்ந்தன, புரொப்பெல்லர் முறிந்தது. இறக்கை தப்பியது. எழும்பும்போதும் இடதுபக்கம் இழுக்கிறது. எங்கே பிழை?

வாடைக்காற்று (வியாழன், இரவு 10.25)

தம்பி, எனக்கு ரிமோட்டின் சைகையை வாங்கும் ரிசீவரில்தான் சந்தேகம். சில்லு மடக்கும் மோட்டார், பிளாப் (இறங்கும்போது தாழ்த்தும் இறக்கைத் தகடு), ஐலரோன் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைத் தகடு) எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரம் இழுத்தால் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் 5 வோல்ட் இறங்கிவிடும். ரிசீவர் ஒரு நொடி செத்து உயிர்க்கும், அந்த ஒரு நொடி போதும். ரிசீவருக்குத் தனிப் பற்றரி போட்டுப் பாருங்கள்.

சாம்பல்தீவான் (வெள்ளி, காலை 6.15)

நன்றி அண்ணா. நேற்றிரவே சோதித்தேன். தகடுகளை அசைக்கும் சேர்வோ மோட்டார்கள் எல்லாவற்றையும் ஒன்றாக ஆட்டி, சில்லையும் மடக்கிப் பார்த்தேன். வோல்ட் மீற்றரில் 4.9க்குக் கீழே போகவில்லை.

பாலையூற்று ரீச்சர் (வெள்ளி, மாலை 4.50)

ரிசீவர் செத்தால் விமானம் அந்த நேரத்தில் எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தப் பக்கம் போகும். மூன்று முறையும் இடது இறக்கை, மூன்று முறையும் வேகம் குறைந்த திருப்பம் என்றால் அது மின்சாரக் கோளாறு போலத் தெரியவில்லை. காற்றைத்தான் விசாரிக்க வேண்டும்.

நான் பௌதிகவியல் படிப்பிப்பவள், மகனோடு சேர்ந்து பறப்பவள். உங்கள் எண்களை வைத்துக் கணக்குப் பார்த்தேன். உண்மை ஹரிக்கேனின் இறக்கைப் பரப்பு 257.5 சதுர அடி. எட்டில் ஒரு பங்கு மாதிரியில் அது 64ஆல் வகுபட்டு ஏறத்தாழ 4 சதுர அடியாகிறது, அதாவது 37 சதுர டெசிமீற்றர். 3.1 கிலோவைத் தாங்க அது மணிக்கு 38 கிலோமீற்றர் அளவிலாவது போக வேண்டும். அதற்குக் கீழே போனால் காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும், ஸ்டால் என்பது அதுதான். நேராகப் பறந்தால்தான் இந்த 38. 45 பாகை சாய்ந்து திரும்பும்போது அது 45 ஆகிவிடும். 60 பாகை சாய்த்தால் 54. நீங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டே சாய்த்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. இறக்கை நுனியின் அகலம், அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை, உங்கள் மாதிரியில் 150 மி.மீ.தான் இருக்கும். அகலம் குறைந்த இடத்தில் காற்று சீக்கிரம் பிரியும். ஆகவே நுனி முதலில் தூக்குவிசையை இழக்கும். ஆனால் ஏன் எப்போதும் இடது நுனி? இரண்டு இறக்கையும் ஒரேமாதிரி இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

கொட்டியாரக்குடா (வெள்ளி, இரவு 8.30)

ரீச்சர் சொன்னது சரி. தம்பி, யாருடைய ஊகத்தையும் நம்பாமல், என்னுடையதையும் நம்பாமல், முதலில் இரண்டு அளவுகளை எடுத்துத் தாருங்கள்.

ஒன்று, விமானம் எந்தப் புள்ளியில் சமநிலையாக நிற்கிறது? நடு இறக்கையின் முன்விளிம்பிலிருந்து எத்தனை மி.மீ. பின்னால்?

மற்றது இறக்கையின் முறுக்கு. வீட்டில் நல்ல மட்டமான கதவுப் பலகையோ கண்ணாடி மேசையோ இருந்தால் இறக்கையை அதன்மேல் வையுங்கள். நடுப்பகுதி அசையாமல் இருக்கட்டும். ஒவ்வொரு நுனியிலும் முன்விளிம்பின் உயரத்தையும் பின்விளிம்பின் உயரத்தையும் அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். கண்ணால் பார்த்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்ல வேண்டாம். முப்பது வருடம் கட்டிய எனக்கே இரண்டு பாகை முறுக்கு கண்ணுக்குத் தெரியாது.

சாம்பல்தீவான் (சனி, பிற்பகல் 1.05)

ஐயா, கை நடுங்குகிறது, உள்ளதைச் சொல்கிறேன். வலது நுனியில் பின்விளிம்பு முன்விளிம்பைவிட 4 மி.மீ. உயர்ந்திருக்கிறது. வரைபடத்தில் 5 என்று இருந்தது, அது பரவாயில்லை. இடது நுனியில் பின்விளிம்பு 3 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. மூன்று முறை அளந்தேன், தங்கையைக் கொண்டும் அளப்பித்தேன். கட்டி முடித்த நாளில் இரண்டும் 5 இருந்ததைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

சமநிலைப் புள்ளி 91 மி.மீ. உடலோடு சேரும் இடத்து அகலம் 305, அதில் முப்பது வீதம் என்று எடுத்தேன்.

கொட்டியாரக்குடா (சனி, இரவு 7.45)

நடுங்க வேண்டாம் தம்பி. நோய் பிடிபட்டுவிட்டது, இரண்டு இடத்தில்.

வலது நுனி காற்றைக் குறைந்த கோணத்தில் சந்திக்கிறது, இடது நுனி கூடிய கோணத்தில். வேகமாகப் போகும்போது ஐலரோன் ட்ரிம் (ஐலரோனை ரிமோட்டில் நிரந்தரமாகச் சற்றுத் திருப்பி வைப்பது) இதை மூடி மறைக்கும். ட்ரிம்மில் எத்தனை கிளிக் இடதுக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள், நிறைய இருக்கும். வேகம் குறைந்ததும் கூடிய கோணத்தில் இருக்கும் இடது நுனிதான் முதலில் ஸ்டால் ஆகும். அந்த நேரம் நீங்கள் பயந்து வலதுக்கு ஐலரோன் கொடுத்திருப்பீர்கள். இடது ஐலரோன் கீழே இறங்கி அந்த நுனியின் கோணத்தை இன்னும் கூட்டும். தூக்க நினைத்த கையே தள்ளிவிடுகிறது. அந்த நேரத்தில் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) தளர்த்தி, ரடரால்தான் (மூக்கை இடவலமாகத் திருப்பும் செங்குத்து வால் தகடு) நிமிர்த்த வேண்டும்.

சமநிலைக்கு, உடலோடு சேரும் இடத்து அகலத்தை எடுத்தது பிழை. நுனி நோக்கிச் சிறுத்துப் போகும் இறக்கைக்குச் சராசரி அகலத்தைத்தான் எடுக்க வேண்டும். உங்களுக்கு அது 255 அளவில் வரும், 26 வீதம் வைத்து, நுனி நோக்கி முன்விளிம்பு பின்வாங்குவதையும் சேர்த்தால் நடு முன்விளிம்பிலிருந்து 76 மி.மீ. நீங்கள் 15 மி.மீ. பின்னால் நிற்கிறீர்கள். வால் பாரமான விமானம் மெதுவாகப் போகும்போது மூக்கைத் தானே தூக்கும். ஸ்டாலுக்கு அழைத்துப் போவதும் அதுதான்.

ஹரிக்கேனுக்கு மூக்கு குட்டை. இது கட்டுகிற எல்லோரையும் வதைக்கிற விடயம். வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் இரண்டரைக் கிராம் ஈயம் கேட்கும். என் முதல் ஹரிக்கேனில் 310 கிராம் ஈயம் போட்டேன். இரண்டாவதில் 140. மூன்றாவதைத் தொடங்குமுன் கறிக்கடைத் தராசுபோல் ஒரு சின்னத் தராசு வாங்கி, வாலுக்குப் போகிற ஒவ்வொரு பால்சாத் தகட்டையும் நிறுத்தேன். கடையில் ஒரே அளவுத் தகடு இரண்டை எடுத்தால் ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு நிறை இருக்கும். பாரமானதை நடு இறக்கையின் கட்டைக்கு வைத்துக்கொண்டு, விரலால் அமத்தினால் பதிகிற மெதுவானதை வாலுக்கு எடுத்தேன். அந்த விமானத்துக்கு 30 கிராம் ஈயம் போதுமாக இருந்தது. இன்றைக்கும் பறக்கிறது.

இப்போது ஒரு கேள்வி. மாரி காலத்தில் இறக்கையை எங்கே வைத்திருந்தீர்கள்? முன்பகுதிக்கு மேலும் கீழும் பால்சாத் தகடு ஒட்டினீர்களா, மேலே மட்டுமா?

சாம்பல்தீவான் (சனி, இரவு 9.20)

மேலே மட்டும். நிறை கூடும் என்று கீழே படலத்தோடு விட்டுவிட்டேன். மாரியில் கடல் பக்கத்து ஜன்னலருகே சுவரில் சாய்த்து வைத்திருந்தேன், இடது நுனி நிலத்தில்.

ட்ரிம் இடதுக்கு 18 கிளிக்.

கொட்டியாரக்குடா (ஞாயிறு, காலை 5.50)

அப்படியானால் எல்லாம் பொருந்துகிறது. மேலும் கீழும் தகடு, நடுவே செங்குத்து அடைப்பு, மூன்றும் சேர்ந்தால்தான் முன்பகுதி மூடிய குழாயாகி முறுக்குக்கு நின்று பிடிக்கும். ஒரு பக்கம் திறந்திருந்தால் அது காகித அட்டையை வளைத்ததுபோல். வாடையில் ஈரம் குடித்த மரம் தன் பாரத்திலேயே மூன்று மாதம் முறுகியிருக்கிறது.

படலத்தை மட்டும் சூடாக்கி எதிர்ப்பக்கம் முறுக்கியும் நிமிர்த்தலாம், ஆனால் அடுத்த மாரியில் திரும்பி வரும். உங்களுக்கு நான் சொல்வது: கீழ்ப்பக்கப் படலத்தை முன்பகுதியில் மட்டும் உரியுங்கள். இறக்கையைப் பலகையில் வைத்து, நுனியின் பின்விளிம்புக்குக் கீழே 5 மி.மீ. ஆப்பு வையுங்கள். பாரம் ஏற்றுங்கள். அந்த நிலையிலேயே 1.5 மி.மீ. பால்சாத் தகட்டைக் கீழே ஒட்டி ஒரு முழு நாள் தொடாமல் விடுங்கள். இரண்டு இறக்கைக்கும் செய்யுங்கள். இல்லாவிட்டால் நிறை ஒருபக்கமாகும்.

வாடைக்காற்று (ஞாயிறு, காலை 8.10)

நான் சொன்னது பிழையாகிவிட்டது தம்பி. ஐயாவின் விளக்கத்தை என் கொப்பியிலும் எழுதிக்கொண்டேன். ஐலரோன் மேலே 12 மி.மீ., கீழே 7 மி.மீ. என்று வேறுபடுத்தி ரிமோட்டில் வைத்தால் அந்தக் கீழிறங்கும் ஐலரோனின் தீமையும் குறையும்.

சாம்பல்தீவான் (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10.30)

இன்று காலை பறந்தேன். ஐயா, ரீச்சர், அண்ணா, உங்கள் மூவருக்கும் எழுதாமல் சாப்பிட உட்கார மனம் வரவில்லை.

இறக்கையைச் சொன்னபடியே செய்தேன். பத்திரிகைத் தாளில் சுற்றிய எட்டுச் செங்கற்களை மேலே அடுக்கி ஒரு இரவும் ஒரு பகலும் விட்டேன். கல்லை எடுத்தபோது இறக்கை துள்ளவில்லை. ஆப்பை உருவியபின் அளந்தேன், இடது 5, வலது 5. நுனியைப் பிடித்து முறுக்கிப் பார்த்தால் முன்பு ஈரத்துணிபோல் கொடுத்த இறக்கை இப்போது கட்டைபோல் நிற்கிறது. கூடிய நிறை 46 கிராம். அதை ஆறு மாதத்துக்கு முன் மிச்சம் பிடித்துத்தான் இத்தனை பாடும்.

சமநிலைக்கு நிறையைத் தூரத்தால் பெருக்கிக் கணக்குப் போட்டேன். 3,100 கிராமை 15 மி.மீ. நகர்த்த 46,500 வேண்டும். முதற் குறுக்குப் பலகையில் துளை வெட்டி 400 கிராம் பற்றரியை 60 மி.மீ. முன்னால் தள்ளினேன், 24,000. வால் சில்லின் இரும்புக் கட்டு 38 கிராம் இருந்தது. பியானோக் கம்பியில் வளைத்து 14 கிராமில் புதிதாகச் செய்தேன். அது புள்ளியிலிருந்து 680 மி.மீ. தூரத்தில் இருப்பதால் 16,300 கிடைத்தது. மிச்சத்துக்கு மோட்டார் பலகையில் 25 கிராம் ஈயம். வலை கட்டுகிற மாமா ஒருவர் வலை ஈயம் ஒரு பிடி தந்தார். புதிய தகடுகள் முன்பக்கம் இருப்பதால் அவையும் உதவியிருக்கும், விரலில் தூக்கிப் பார்த்தபோது 75இல் நின்றது.

மேலே ஐம்பது மீற்றர் ஏற்றி, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை மூடி, மூக்கைத் தூக்கிப் பிடித்தேன். விழட்டும் என்று காத்திருந்தேன். மூக்கு நேராகத் தாழ்ந்தது, இறக்கை இரண்டும் மட்டமாகவே இருந்தன. நான்கு முறை செய்தேன். பிறகு அகலமாகத் திரும்பி, திராட்டில் கொஞ்சம் வைத்தபடியே இறக்கினேன். அலைகரைப் புழுதியில் இரண்டு சில்லுத் தடமும் ஒரே இடத்தில் தொடங்கியிருந்தன. போய்க் குனிந்து பார்த்தேன்.

எழும்பும்போது இடதுக்கு இழுப்பது மட்டும் இன்னும் இருக்கிறது.

பாலையூற்று ரீச்சர் (ஞாயிறு, பகல் 12.15)

மிகவும் மகிழ்ச்சி தம்பி. அந்த இழுப்பு நோயல்ல. பின்னாலிருந்து பார்த்தால் உங்கள் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. எதிர்விசை, சுழன்று வரும் காற்று வாலில் படுவது எல்லாம் சேர்ந்து இடதுக்குத் தள்ளும். மெர்லின் இயந்திரமும் அதே திசையில்தான் சுற்றியது, அன்று சீனக்குடாவில் எழும்பியவர்களும் வலது ரடரை மிதித்துத்தான் எழும்பியிருப்பார்கள். திராட்டிலை மூன்று நொடியில் மெதுவாகத் திறந்து, வாலை அவசரப்பட்டுத் தூக்காமல், வலது ரடரை முன்கூட்டியே கொஞ்சம் பிடியுங்கள்.

கொட்டியாரக்குடா (ஞாயிறு, மாலை 6.40)

தம்பி, தடத்தைக் குனிந்து பார்த்ததைப் படித்தபோது எனக்கும் கண் கலங்கியது. இரண்டு விடயம் மட்டும். பறப்பதற்கான அனுமதிக் கடிதத்தை எப்போதும் பெட்டியிலேயே வைத்திருங்கள். தம்பலகாமம் வயல் கிட்ட என்று அங்கே போய்விடாதீர்கள், சீனக்குடா ஓடுபாதைக்கு மிகவும் அருகு.

மற்றது, ஐப்பசி வருமுன் கூரை வளையில் இரண்டு துணிப்பட்டை கட்டி, இறக்கையை அதில் படுக்கையாகத் தொங்கவிடுங்கள். பட்டை ஒவ்வொன்றும் நான்கு விரல் அகலமாவது இருக்கட்டும்.